பிடி அரிசியும் ஒரு பென்னியும்: ஏற்காட்டுப் பெரியம்மாவைப் பற்றி

வாசகர் கேள்வி, 18 நவம்பர் 2023

1960களில் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் நர்ஸ் வேலைக்கென்று வெளிநாடு போன கிறிஸ்தவப் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். எல்லோரும் வேதப் புத்தகத்தோடுதான் கப்பல் ஏறினார்கள். என் கருத்து இதுதான்: அவர்களுக்கு வேதம் ஓர் ஏணி. மேலே போனதும் ஏணியையும் மறந்தார்கள், அது சாய்ந்திருந்த சுவரையும் மறந்தார்கள். இல்லை என்று சொல்ல யாரிடமாவது ஆதாரம் இருக்கிறதா?

18 நவம்பர், இரவு 10.15

இருக்கிறது. இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. கறுப்பு அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு. முதுகில் துணி ஒட்டியது. மூலைகள் தேய்ந்து உள்ளே இருக்கும் சாம்பல்நிற அட்டை தெரிகிறது. இங்கிலாந்துக்குப் போன என் பெரியம்மா எழுதிய மூன்று நோட்டுகளில் இது முதலாவது.

இடப்பக்கம் ஜெபக் குறிப்பு, வலப்பக்கம் பணக் கணக்கு. திங்கள்: தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள், வீடுவீடாக. செவ்வாய்: வார்டில் இருக்கும் நோயாளிகள், படுக்கை எண்ணோடு. புதன்: உடன்பிறந்தவர்கள். வியாழன்: கடன் கொடுத்தவர்கள். ஆம், கடன் கொடுத்தவர்களுக்காகவும் வாரத்தில் ஒருநாள் முழங்கால் போட்டிருக்கிறார். வெள்ளி: பள்ளிக்கூடத்துத் தோழிகள். சனி: சபை ஐயர் (போதகர்), ஐயரம்மா, உபதேசியார். ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே பெயர் எதுவும் இல்லை. "ஸ்தோத்திரம் மட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

மறந்து போனவர் திங்கட்கிழமைதோறும் லயத்து வீடுகளின் பெயரை வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டிருப்பாரா? கோபத்தில் எழுதுகிறேன். நாளை நிதானமாக எழுதுகிறேன்.

19 நவம்பர், காலை

பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. தாத்தா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அது. தாத்தா காலத்தில் சேர்வராயன் மலையின் பாதிப் பிழைப்பு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே சில்வர் ஓக் நிழல், அந்த மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. நவம்பர் பிறந்தால் பழப் பறிப்பு. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் செடிக்கடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். பெரியம்மாவின் விரல் நுனிகள் கிறிஸ்துமஸ் வரை கறுப்பாகவே இருக்கும் என்று அம்மா சொல்வார்.

மலையில் பெயர்பெற்ற பள்ளிகள் அப்போதே இருந்தன. சேக்ரட் ஹார்ட் கன்னியர் பள்ளி 1894இல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் 1917இல். தாத்தாவின் சம்பளம் அங்கெல்லாம் எட்டவில்லை. பெரியம்மா சேலத்துக்கு இறங்கி விடுதியில் தங்கிப் படித்தார். படிப்பு முடிந்ததும், 1963இல், நர்ஸ் பயிற்சிக்காக இங்கிலாந்து போனார்.

அவர் பக்தி எப்படிப்பட்டது என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். இருபது வயதில் கைவளையைக் கழற்றியவர் கடைசி வரை பொன் அணியவில்லை. ஆண்டவருக்கென்று விட்டது அது.

20 நவம்பர், திருத்தம்

நேற்று எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு 78 வயது. இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

ஒன்று, 1963 அல்ல, 1964. பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரத்தில்தான் நேரு இறந்த செய்தி வந்தது. வானொலி கேட்க எல்லோரும் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கூடினார்கள். நேரு இறந்தது 27 மே 1964. பெரியம்மா கப்பல் ஏறியது அந்த செப்டம்பரில்.

இரண்டு, வளையல். "யார் உனக்கு அப்படிச் சொன்னது?" என்று அம்மா கேட்டார். குடும்பத்தில் எல்லோரும் சொல்வதுதான் என்றேன். அம்மா தலையாட்டினார். கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. இரண்டு வளையலையும் செவ்வாய்ப்பேட்டையில் அடகு வைத்தார்கள். வட்டி கட்டமுடியாமல் நகை மூழ்கிப் போயிற்று. பிறகு பெரியம்மா வாங்கிக்கொள்ளவே இல்லை. அந்தப் பணம் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது.

நான் 50 ஆண்டுகளாக பக்திக் கதையாக நம்பிய ஒன்று அடகுக் கடைச் சீட்டாக முடிந்திருக்கிறது. எனக்கு அதனால் பெரியம்மா குறையவில்லை. வியாழக்கிழமை ஜெபத்தில் கடன் கொடுத்தவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

21 நவம்பர்

பயணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பம்பாய் வரை ரயில். அங்கிருந்து கப்பல். ஏடன், பிறகு சூயஸ் கால்வாய். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்த காலம். நாட்டை விட்டுப் போகிறவர் கையில் 3 பவுண்டுதான் எடுத்துக்கொண்டு போகலாம். பெரியம்மாவும் அந்த 3 பவுண்டோடுதான் போனார். ஒரு தகரப் பெட்டி, பாட்டி தைத்த போர்வை, ஜவ்வரிசி வடாம் நான்கு படி.

செங்கடலைக் கடந்த நாளில் எழுதிய கடிதம் நோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவர் கடிதமெல்லாம் "கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு ஸ்தோத்திரம்" என்றுதான் தொடங்கும். இதில் ஒரு வரி: "இஸ்ரவேலர் குறுக்கே நடந்து போனார்கள், நாங்கள் நெடுக மிதந்து போகிறோம். அதனால் எங்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது." இரவெல்லாம் தூங்காமல் மேல்தட்டில் நின்றிருக்கிறார். சீனாய்ப் பக்கத்து மலைகள் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். விடியும்போது தெரிந்தன. "நம் மலை போலப் பச்சை இல்லை, வெள்ளைக்கல் பூமி போல இருக்கிறது" என்று எழுதினார். ஏற்காடு போகிறவர்களுக்குத் தெரியும், மலை அடிவாரத்துக்கு முன்னால் வெளுத்துக் கிடக்கும் அந்த மேக்னசைட் பூமி. சீனாயைப் பார்த்ததும் அவருக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மறந்தவர்!

24 நவம்பர்

இழையின் தலைப்பில் பிடி அரிசி என்று போட்டுவிட்டு அதைச் சொல்லவே இல்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

கிறிஸ்தவ வீடுகளில் பழகியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உலைக்கு அரிசி அளந்த பிறகு, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வீட்டில் அரிசி நிறைய இருந்தாலும் ஒரு பிடி, குறைவாக இருந்தாலும் ஒரு பிடி. சேர்ந்த அரிசியை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பாட்டியின் பானை அடுப்புக்கு இடப்பக்கம், சுவர் மாடத்தில் இருந்தது. நான் பார்த்திருக்கிறேன். பாட்டி பிடியை எடுக்கும்போது விரல்களை இறுக்கமாட்டார். தளர்வாக எடுத்து, பானைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, சத்தமில்லாமல் விடுவார். மேலிருந்து கொட்டினால் அது போடுவது, இது வைப்பது என்பார்.

இங்கிலாந்தில் பிடி அரிசி ஏது? பெரியம்மா ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார். சமைக்கும்போதெல்லாம் ஒரு பென்னி. அக்காலத்துப் பென்னி பெரியது. ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆண்களின் கைக்கடிகார முகப்பு அகலம், செம்பு நிறம். ஒருபக்கம் ராணியின் இளவயது முகம், மறுபக்கம் கேடயமும் திரிசூலமுமாக உட்கார்ந்த பெண். உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிகிறது.

1965 கடைசிப் பக்கத்தில் கணக்கு முடித்திருக்கிறார். 730 பென்னி. 3 பவுண்டு, 0 ஷில்லிங், 10 பென்னி. ஒரு நாளைக்கு இரண்டு, 365 நாள்.

24 நவம்பர், சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒரு பிழை. முதல் ஆண்டு நர்ஸ் விடுதியில் சமைக்கவே இடம் இல்லை, சாப்பாட்டுக் கூடத்தில்தான் சாப்பாடு. ஆகவே சமையலுக்கு ஒரு பென்னி அல்ல, சோற்றுக்கு உட்காரும் ஒவ்வொரு வேளைக்கும் ஒன்று. காலை உணவைக் கணக்கில் சேர்க்கவில்லை. "ரொட்டிக்குப் பிடி கிடையாது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் இப்போதுதான் கண்ணில் பட்டது. ஊரைவிட்டுப் போகும்போது கையில் 3 பவுண்டு. முதல் முழு ஆண்டின் பிடி அரிசி 3 பவுண்டும் 10 பென்னியும். அவர் இதைக் கவனித்தாரா என்று நோட்டில் இல்லை. கவனித்திருப்பார்.

29 நவம்பர்

அந்தக் காசு ஆண்டுக்கொருமுறை அறுப்பின் பண்டிகைக்கு வந்து சேரும். ஏற்காட்டு அறுப்பின் பண்டிகையைப் பார்க்காதவர்கள் பாவம். பலிபீடத்துக்கு முன்னால் பலாப்பழம், ஆரஞ்சு, மிளகு, காபிக்கொட்டை, கால் கட்டிய சேவல், வாழைத்தார். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணியை ஒருவர் எடுப்பார், எடுத்தவரே திருப்பிக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம், மறுபடி காணிக்கை. நான் சிறுமியாக இருந்தபோது ஒரே பூசணி ஐந்து முறை ஏலம் போனதைப் பார்த்தேன். நடுவில் உபதேசியார் எழுந்து "சீமையிலிருந்து வந்த பிடி அரிசி" என்று சொல்லித் தொகையைப் படிப்பார். பாட்டி தலையைக் குனிந்துகொள்வார்.

மாதாமாதம் வீட்டுக்கு வந்தது தனி. 5 பவுண்டு. இதில் ஒரு கதை இருக்கிறது. 6 ஜூன் 1966 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 காசு, அன்று முதல் 21 ரூபாய். அம்மாவின் திருமணத்துக்கென்று பெரியம்மா சேர்த்த 40 பவுண்டு ஜூலையில் வந்தது. மே மாதம் வந்திருந்தால் 533 ரூபாய். ஜூலையில் வந்ததால் 840. நாடே விலைவாசியை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் பந்தல் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு கணக்கு திரும்பியது. நவம்பர் 1967இல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். 105 ரூபாயாக வந்துகொண்டிருந்த 5 பவுண்டு 90 ஆயிற்று. பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளை 15 ரூபாயைக் குறைத்துவிட்டாள், யாரோ மனத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. தாத்தா விளக்கியும் நம்பவில்லை. பெரியம்மாவுக்குக் கடிதம் போயிற்று. பதில் வந்தது: "குறைந்தது பவுண்டு, நான் அல்ல."

2 டிசம்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "எழுது, பொய்யாக நல்லவளாக்காதே" என்றார்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு பொருத்தனை இருக்கிறது. நான்கு ஆண்டு முடிந்ததும் திரும்பி வந்து, சேர்வராயன் மலைக் கிராமங்களில் நர்ஸாக ஊழியம் செய்வேன் என்று ஆண்டவரிடம் செய்தது. அக்காலத்தில் மேல்மலை ஊர்களிலிருந்து பிரசவ வலியில் இருக்கும் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருவார்கள். சிறுவயதில் பார்த்த ஒரு காட்சி அவரை விடவே இல்லை. தோட்டத்து வாசலில் கட்டிலை இறக்கினார்கள், இறக்கியபோது அந்தப் பெண் உயிரோடு இல்லை. பொருத்தனையின் வேர் அது.

அவர் திரும்பவில்லை.

காரணம் இருந்தது. இங்கிலாந்தில் அப்போது நர்ஸ் படிப்பு இரண்டு வகை. மூன்று ஆண்டு படித்தால் ரெஜிஸ்டர்டு நர்ஸ். இரண்டு ஆண்டு படித்தால் என்ரோல்டு நர்ஸ். இரண்டாவது சான்றிதழுக்கு வெளிநாடுகளில் மதிப்பில்லை. காமன்வெல்த் நாடுகளிலிருந்து போன எத்தனையோ பெண்களை இந்த வேறுபாட்டைச் சொல்லாமலேயே இரண்டு ஆண்டுப் படிப்பில் சேர்த்தார்கள். பெரியம்மாவும் அதில் ஒருவர். படிப்பு முடிகிற நேரத்தில், 1966இல், உடன் படித்த ஒருத்தி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. நோட்டில் ஒரே வரி: "இந்தக் காகிதம் ஊரில் செல்லாது என்று இன்று அறிந்தேன்." அன்றைய ஜெபப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. மூன்று நோட்டிலும் வெறுமையாக இருக்கும் ஒரே பக்கம் அதுதான்.

மறுபடி முதலிலிருந்து மூன்று ஆண்டுப் படிப்பில் சேர இடம் தேடினார், பிறகு சேர்ந்தார். அது முடிவதற்குள் தாத்தாவுக்குக் கண் போயிற்று, வேலை போயிற்று. மாமாவின் படிப்பு, சித்தியின் திருமணம். 90 ரூபாய் நிற்கக்கூடாது. ஒவ்வொரு செப்டம்பரிலும், கப்பல் ஏறிய தேதியில், "பிரசங்கி 5" என்று மட்டும் எழுதுகிறார். பொருத்தனை செய்துவிட்டு நிறைவேற்றாமல் இருப்பதைவிடச் செய்யாமல் இருப்பது நல்லது என்று சொல்கிற அதிகாரம் அது. 1968இல் எழுதினார். 1969இல் எழுதினார். 2018 வரை எழுதியிருக்கிறார்.

ஐயா, நீங்கள் மறந்தார்கள் என்றீர்கள். 51 செப்டம்பர்.

3 டிசம்பர்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். கடைசி வரி வாதத்தில் ஜெயிப்பதற்காக எழுதியது போல இருக்கிறது. அந்த வலியை அப்படிப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. ஆனால் அழிக்கப்போவதில்லை, எண்ணிக்கை உண்மை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏணி என்ற உங்கள் சொல்லில் நான் சீறினேன். எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்ததே ஒரு தொழிற்பள்ளி வழியாக. 1827இல் ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். பின்னால் வந்த லெக்லர் கைத்தொழில் பள்ளி நடத்தினார். தாத்தாவின் பாட்டன் அங்கே தச்சு வேலை கற்றவர் என்பது வீட்டுப் பேச்சு. உளியும் இழைப்புளியும் கையில் வந்த பிறகுதான் வேதப் புத்தகம் வந்தது. ஆகவே ஏணி இருந்தது. அதில் ஏறினோம். கூலிக்கு மண்வெட்டியவரின் பேரன் கணக்கப்பிள்ளை ஆனார், அவர் மகள் நர்ஸ் ஆனார். அதற்கு நான் வெட்கப்படவில்லை. ஏறியவர் கீழே கை நீட்டினாரா என்பதுதான் கேள்வி.

9 டிசம்பர்

லண்டனிலிருந்து சேலத்துக்கு மிஷனரி வந்தார், சேலத்திலிருந்து உங்கள் பெரியம்மா இங்கிலாந்துக்கு மிஷனரியாகப் போனார், வட்டம் நிறைவுபெற்றது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனத்தோடு எழுதியது, நன்றி. ஆனால் பெரியம்மா ஒருநாளும் தன்னை அப்படி நினைத்ததில்லை. அவர் கடனுக்காகப் போனார். அதை மறைக்கவும் இல்லை.

முதல் ஆண்டுகளில் அங்கே கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். இதைக் குறையாக எழுதவில்லை, "இடம் தாராளமாக இருக்கிறது" என்று எழுதினார். அவருடைய கவலை வேறு. சனிக்கிழமை இரவுப்பணி முடித்து நேராகக் காலை ஆராதனைக்குப் போவார். மேலங்கிக்கு உள்ளே நர்ஸ் சீருடை. நோட்டின் இடப்பக்கத்தில் பதினான்கு இடத்தில், "பிரசங்கத்தில் தூங்கினேன், மன்னியும்" என்று இருக்கிறது. ஒரு இடத்தில் "பாதியில் விழித்தேன், நல்ல பிரசங்கம்" என்றும் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

10 டிசம்பர்

கேள்வி கேட்ட நண்பரே எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த அத்தை கனடா போனவர். அவருடைய அப்பா, சாகும் தறுவாயில், தங்கையின் கடிதத்துக்காகத் தினமும் தபால்காரரைக் கேட்டாராம். வரவில்லை.

ஐயா, எனக்கு இது தெரியாது. என் முதல் பதிலின் தொனிக்காக வருந்துகிறேன். உங்கள் அத்தைக்கும் ஒரு நோட்டு இருந்திருக்கலாம் என்று ஆறுதல் சொல்லமாட்டேன். எழுதாதவர் எழுதாதவர்தான். உங்கள் அப்பா வாசலைப் பார்த்தது உண்மை.

16 டிசம்பர்

அவர் முதல் முறை ஊருக்கு வந்தது 1973இல். எனக்கு ஆறு வயது. சேலம் சந்திப்பில் இறங்கி, ஏற்காட்டு பஸ்ஸில் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார், என்னை மடியில் வைத்துக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் என் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பாதி மலையில் காற்று குளிர்ந்தது. ஒரு வளைவில் காபித்தோல் ஊறும் புளித்த வாடை வந்தது. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். பெரியம்மா மட்டும் ஜன்னலை இன்னும் இறக்கினார். அவர் மூச்சை இழுத்தபோது என் முதுகு அவர் நெஞ்சோடு முன்னால் நகர்ந்தது. என் உடம்புக்கு இன்றும் தெரிகிற ஞாபகம் அது.

அன்று இரவு வீட்டு ஜெபம். தாத்தாவுக்கு அப்போது முழுதாகக் கண் தெரியாது. 121ஆம் சங்கீதத்தைப் படிக்கச் சொன்னார். பர்வதங்களை நோக்கிக் கண்ணை ஏறெடுக்கும் சங்கீதம். சேலத்தில் இருந்தாலும் ஏற்காட்டில் இருந்தாலும் எங்கள் வீட்டுச் சங்கீதம் அதுதான். மலை மேல் இருப்பவர்களுக்கு ஒத்தாசை பக்கத்திலேயே இருக்கிறது என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். பெரியம்மா இருந்ததோ கிழக்கு இங்கிலாந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான பூமி. அங்கே இந்தச் சங்கீதத்தை எப்படிப் படிப்பாய் என்று தாத்தா கேட்டார்.

"இரண்டாம் வசனத்திலிருந்து படிப்பேன் அப்பா" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. ஒத்தாசை வருவது மலையிலிருந்து அல்ல, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து என்று சொல்வது இரண்டாம் வசனம். தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இனி அதுதான்" என்றார். கண் தெரியாதவருக்கு மலை ஏது?

அதே பயணத்தில்தான் அந்தப் பென்னியை எனக்குக் கொடுத்தார். 15 பிப்ரவரி 1971 அன்று அங்கே நாணய முறை மாறியது. அந்த ஆகஸ்டோடு பழைய பென்னி செல்லாமல் போயிற்று. பிடி அரிசிக்கு என்ன செய்தார் என்று நோட்டில் இருக்கிறது: "ஒரு பழைய பென்னிக்குப் பதில் ஒரு புதுப் பென்னி. ஏறக்குறைய இரண்டரைப் பங்கு ஆகிறது. ஆகட்டும்."

17 டிசம்பர்

ஓய்வுக்குப் பின் ஏன் வரவில்லை என்று இருவர் கேட்கிறீர்கள். இரண்டு முறை வந்து மூன்று மூன்று மாதம் இருந்தார். முழங்கால் வலி. மலை வீட்டில் படி அதிகம். அதைவிட, அங்கே முதியோர் இல்லத்தில் வாரம் இருமுறை போய் உட்காருகிற வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வராத வெள்ளைக்காரக் கிழவிகள். அவர்கள் பெயர்களும் நோட்டில் ஏறிவிட்டன, திங்கட்கிழமையில், லயத்து வீடுகளுக்குக் கீழே, அதே பத்தியில்.

23 டிசம்பர்

நேற்றிரவு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கீதபவனி எங்கள் தெருவுக்கு வந்தது. அஸ்தம்பட்டியில் இப்போதெல்லாம் ஆர்கனும் ஒலிபெருக்கியும் வேனில் வருகின்றன. அம்மா போர்வையோடு வாசலில் உட்கார்ந்து கேட்டார். பாடியவர்களுக்குத் தட்டுவடை கொடுத்தோம்.

இதே தேதியில் 1964. பெரியம்மாவுக்கு அங்கே முதல் கிறிஸ்துமஸ். 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது, ரயிலே கடலுக்குள் போயிற்று. இங்கிலாந்துப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்திருக்கிறது. தென்னிந்தியா, புயல், ரயில். அவ்வளவுதான். தொலைபேசி கிடையாது. உடனே எழுதிய நீலநிற வான்கடிதம் இங்கே இருக்கிறது: "சேலத்தில் கடல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுங்கள்."

1 ஜனவரி 2024, அதிகாலை 2.20

நள்ளிரவு ஆராதனையிலிருந்து இப்போதுதான் வந்தோம். தூக்கம் வரவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம் அல்லவா? பெரியம்மா போன ஆண்டிலிருந்து பாட்டி தனக்கொன்றும் அவருக்கொன்றுமாக இரண்டு எடுப்பார். மறுநாளே தபாலில் போகும். ஜனவரி நடுவில் போய்ச் சேரும். அவர் அதை நோட்டில் ஒட்டி, வந்த தேதியை எழுதுவார். பாட்டிக்குப் பிறகு அம்மா எடுத்தார். 1965இலிருந்து 2019 வரை ஒரு ஆண்டுகூட விடுபடவில்லை. 2019 அக்டோபரில் பெரியம்மா இறந்தார், அங்கேயே அடக்கம். பிறகு அம்மா தனக்கு மட்டும்தான் எடுத்தார்.

இன்று வரிசையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டு வந்தது. அம்மா ஒன்றை எடுத்தார். கை திரும்பவில்லை, இன்னொன்றை எடுத்தது. தட்டைப் பிடித்திருந்த பையன், ஆளுக்கு ஒன்றுதான் பாட்டி என்றான்.

"இது ஊரில் இல்லாதவளுக்கு" என்றார் அம்மா.

அவன் சரி என்று அடுத்தவரிடம் நகர்ந்தான். அட்டை என் கைப்பையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அதைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் காட்டவில்லை.

6 ஜனவரி

இன்று காலை கேட்டார். கோந்து இருக்கிறதா என்று.